கதவைத் தட்டியவர்: ஃபேனி லூ ஹேமர்

தமக்கு வாக்குரிமை உண்டு என்பது ஃபேனி லூ ஹேமருக்கு நாற்பத்து நான்காம் வயதில்தான் தெரிந்தது. பள்ளிக்கூடம் சில ஆண்டுகளோடு நின்றுபோனவர், பருத்திக்காட்டுக் கூலி. அந்த நாளுக்குப் பிறகு அவர் வாழ்ந்தது பதினைந்து ஆண்டுகள்கூட இல்லை. ஆனால் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலுக்குள் கொண்டுவந்த இயக்கத்தின் வரலாற்றை அவர் பெயர் இல்லாமல் எழுத முடியாது. தேர்தல் வேலைக்காக வீடு வீடாகப் போகிற நம் இளைஞர்களுக்கு அவர் வாழ்க்கையில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. அதனால் இந்த வாரம் அவரைப் பற்றி எழுதுகிறோம்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்டத்துக்கும் நம் போராட்டத்துக்கும் நெடுநாள் உறவு உண்டு. அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கே மகாத்மா ஜோதிராவ் புலே 1873-இல் தம் ‘குலாம்கிரி’ நூலைக் காணிக்கையாக்கினார். 1946-இல் பாபாசாகேப் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972-இல் மும்பையில் தோன்றிய தலித் பேந்தர் அமைப்பு அங்கிருந்த கருஞ்சிறுத்தைகளைப் பார்த்தே தனக்குப் பெயர் சூட்டிக்கொண்டது. ஆகவே ஹேமரின் கதை நமக்கு அயலார் கதை இல்லை.

பருத்திக்காட்டில் வளர்ந்தவர்

1917 அக்டோபர் 6 அன்று ஃபேனி லூ பிறந்தார். பெற்றோருக்கு அவர் இருபதாவது பிள்ளை, கடைக்குட்டி. அவருக்கு இரண்டு வயதானபோது குடும்பம் சன்ஃபிளவர் கவுண்டிக்குக் குடிபெயர்ந்தது. கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் போன்ற ஒரு நிர்வாகப் பிரிவு. அங்கே கறுப்பின மக்களே பெரும்பான்மை. நிலமும் காவல் நிலையமும் நீதிமன்றமும் வெள்ளையர் கையில் இருந்தன.

அவர்களுடையது வாரத்துக்குப் பயிரிடும் குடும்பம். நிலம் பண்ணையாருடையது, உழைப்பு இவர்களுடையது, விளைச்சலில் பாதி பண்ணையாருக்கு. விதை, உரம், வீட்டுச் சாமான் எல்லாம் பண்ணைக் கடையில் கடனாக வாங்க வேண்டும். கணக்கு எழுதுவதும் பண்ணையார்தான். அறுவடை முடிந்து கணக்குப் பார்த்தால் கையில் கடன்தான் மிஞ்சும். நம் தாத்தா பாட்டிகளிடம் கேட்டால் இதே கணக்கைத் தஞ்சை வட்டாரத்துப் பேச்சிலும் சொல்வார்கள்.

ஆறு வயதில் ஃபேனி லூவைப் பண்ணையார் கூப்பிட்டு, பருத்தி எடுத்தால் கடையிலிருந்து தின்பண்டம் தருவதாக ஆசை காட்டினார். அன்று காட்டில் இறங்கிய குழந்தை பிறகு கரையேறவே இல்லை. பருத்தி வேலை இல்லாத மாதங்களில் மட்டும் பள்ளிக்கூடம். ஒரு நல்ல ஆண்டில் பெற்றோர் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கோவேறு கழுதைகளும் மாடும் வாங்கினார்கள். சொந்தக் காலில் நிற்கப் பார்க்கிறார்கள் என்று பொறாத ஒரு வெள்ளையர் தீவனத்தில் நஞ்சு கலந்தார். கால்நடைகள் செத்தன, குடும்பம் மறுபடி பண்ணையின் பிடிக்குள் விழுந்தது.

பெரியவளானதும் பெரி ஹேமர் என்ற டிராக்டர் ஓட்டுநரை மணந்து, ரூல்வில் என்ற சிற்றூரை அடுத்த ஒரு பண்ணையில் பதினெட்டு ஆண்டுகள் வேலை செய்தார். எழுதப் படிக்கத் தெரிந்ததால் ஆள்கணக்கு எழுதும் வேலையும் அவரிடம் வந்தது. பண்ணைத் தராசு கூலிகளுக்குக் குறைத்தே காட்டும். பண்ணையார் இல்லாத நேரம் பார்த்து, தாம் கொண்டுவந்த சரியான எடையை மாட்டி நிறுப்பார் ஹேமர். சங்கமோ கட்சியோ காதில் விழாத நாளிலேயே அவரால் முடிந்த நியாயம் அது.

1961-இல் வயிற்றில் கட்டி என்று அறுவைச் சிகிச்சைக்குப் போனார். அவர் சம்மதம் கேட்காமலேயே கருப்பையை எடுத்துவிட்டார்கள். ஏழைக் கறுப்பினப் பெண்களுக்கு அந்த மாநிலத்தில் அன்றாடம் நடந்த கொடுமை அது. வழக்குப் போடக்கூட வழியில்லை. ஹேமர் தம்பதியர் இரண்டு பெண் குழந்தைகளை எடுத்து வளர்த்தார்கள்.

பதினெட்டுப் பேர் போன பேருந்து

1962 ஆகஸ்ட் மாதம் ரூல்வில் தேவாலயம் ஒன்றில் கூட்டம் நடந்தது. மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழு என்ற அமைப்பின் இளைஞர்கள் வந்திருந்தார்கள். எலா பேக்கர் என்ற மூத்த கறுப்பினப் பெண் போராளியின் முயற்சியால் 1960-இல் உருவான அமைப்பு அது. கறுப்பின மக்களும் பதிவு செய்து வாக்களிக்கலாம் என்று அன்றுதான் ஹேமர் முதன்முதலாகக் கேட்டார். நீதிமன்றத்துக்குப் பதிவு செய்யப் போகிறவர்கள் யார் என்று கேட்டபோது கை தூக்கியவர்களில் அவரும் ஒருவர்.

ஆகஸ்ட் 31 அன்று பதினெட்டுப் பேர் ஒரு பழைய பேருந்தில் 26 மைல் தொலைவிலுள்ள இண்டியனோலா நகருக்குப் போனார்கள். கூலியாட்களைக் காட்டுக்கு ஏற்றிச் செல்லும் பேருந்து அது. இண்டியனோலா சாதாரண ஊரும் இல்லை. கறுப்பினத்தார் தலைதூக்காமல் பார்த்துக்கொள்ள வெள்ளையர்கள் 1954-இல் குடிமக்கள் மன்றம் தொடங்கிய இடமே அதுதான்.

பதிவு என்றால் பெயர் எழுதிக் கையெழுத்துப் போடுவதோடு முடியாது. மாநில அரசமைப்பின் ஒரு பகுதியைக் கொடுத்து, பார்த்து எழுதி, பொருள் விளக்கச் சொல்வார்கள். விளக்கம் சரியா தவறா என்று முடிவு செய்பவர் வெள்ளை அலுவலர். 1890-இல் எழுதிய மாநில அரசமைப்பே இதற்கு வழி செய்திருந்தது. எழுத்தறியாத வெள்ளையர் அதில் தேறிவிடுவார். பட்டம் பெற்ற கறுப்பின ஆசிரியர் தோற்றுப்போவார். ஹேமரும் அன்று தோற்றார்.

திரும்பும் வழியில் காவலர்கள் பேருந்தை நிறுத்தி, வண்டியின் நிறம் சரியில்லை, பள்ளிப் பேருந்து போலிருக்கிறது என்று அபராதம் விதித்தார்கள். எல்லாரும் கையிலிருந்த காசைத் திரட்டிக் கட்டினார்கள். பயந்து ஒடுங்கியிருந்தவர்களுக்கு நடுவே ஹேமர் பாட ஆரம்பித்தார். தேவாலயப் பாடல்கள்தாம். பாட்டு மற்றவர்களுக்கும் தொற்றியது. அன்றிலிருந்து இயக்கம் கூடுமிடமெல்லாம் அவர் குரல் ஒலித்தது.

வீடு வந்து சேருமுன்பே செய்தி பண்ணைக்கு எட்டியிருந்தது. பதிவு மனுவைத் திரும்பப் பெறு, இல்லையேல் வெளியேறு என்றார் பண்ணையார். அன்றிரவே ஹேமர் வெளியேறினார். அறுவடை முடியும்வரை கணவரைப் பண்ணையில் பிடித்து வைத்துக்கொண்டார்கள். செப்டம்பர் 10 அன்று, ஹேமர் தங்கியிருந்த நண்பர் வீட்டின் மீது பதினாறு முறை சுட்டார்கள். அப்போது அவர் அங்கே இல்லாததால் உயிர் பிழைத்தார்.

டிசம்பரில் மறுபடி தேர்வுக்குப் போனார். இந்த முறை மாநில அரசமைப்பைப் படித்துவிட்டுப் போயிருந்தார். 1963 ஜனவரியில் தேறிவிட்டதாகத் தெரிந்தது. வாக்களிக்கப் போனால், தலைவரி கட்டிய இரண்டு ஆண்டு ரசீது எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள்.

திண்ணையிலிருந்து தொடங்கிய வேலை

இதற்குள் ஹேமர் இயக்கத்தின் களப்பணியாளர் ஆகியிருந்தார். வாரத்துக்குப் பத்து டாலர் படி. அதுவும் ஒழுங்காக வராது. வேலை, வீடு வீடாகப் போய்ப் பதிவுக்கு ஆள் திரட்டுவது.

சொல்ல எளிது. பதிவுக்கு மனுச் செய்தவரின் பெயர் உள்ளூர்ச் செய்தித்தாளில் இரண்டு வாரம் வெளியாக வேண்டும் என்று மிசிசிப்பியில் ஒரு சட்டமே இருந்தது. பண்ணையாரும் வங்கிக்காரரும் கடைக்காரரும் பார்ப்பார்கள். வேலை போகும், கடன் கிடைக்காது, இரவில் வீட்டின் மீது குண்டு பாயும். லெஃப்ளோர் கவுண்டியில் மக்கள் பதிவுக்குப் போகத் தொடங்கியதும், 1962 குளிர்காலத்தில் ஏழைகளுக்குக் கொடுத்துவந்த அரசு உணவுப்பொருளையே நிறுத்தினார்கள். கதவைத் திறப்பவர் கையில் குழந்தையும் மனதில் இந்தக் கணக்கும் இருக்கும். வந்து நிற்கிற தொண்டருக்கு அது புரிந்திருக்க வேண்டும்.

ஹேமருக்குப் புரிந்தது. அந்த வீட்டு அடுப்பில் என்ன வேகும் என்று அவருக்குத் தெரியும். வெளியூரிலிருந்து வந்த உணவையும் உடையையும் பகிர்ந்து கொடுக்கும்போது பதிவைப் பற்றிப் பேசினார். தேவாலயத்தில் பாடிவிட்டுப் பேசினார். பைபிள் கதைகளை எடுத்துச் சொல்லிப் பேசினார். ஒருவர் சம்மதித்தால் நீதிமன்றம்வரை கூடப் போனார். போனவர் வேலையிழந்தால் அவருக்கு என்ன செய்வது என்று யோசிப்பதும் வேலையின் பகுதியாக இருந்தது.

1963 ஜூன் 9 அன்று, பயிற்சி முகாம் ஒன்றிலிருந்து பேருந்தில் திரும்பும்போது வினோனா என்ற ஊரில் அவரையும் தோழர்களையும் கைது செய்தார்கள். சிறைக்குள் இரண்டு கறுப்பினக் கைதிகளிடம் தடியைக் கொடுத்து அவரை அடிக்கச் சொன்னார்கள் காவலர்கள். ஒடுக்கப்பட்டவரை வைத்தே ஒடுக்கப்பட்டவரை அடிக்கும் பழைய தந்திரம். சிறுநீரகம் கெட்டது, ஒரு கண்ணின் பார்வை குறைந்தது, நடை நொண்டியது. வாழ்நாள் முழுவதும் அந்த வலி அவரோடு இருந்தது. காவலர்கள் மீது வழக்கு நடந்தது. வெள்ளையர் மட்டுமே இருந்த நடுவர் குழு அவர்களை விடுவித்தது.

அந்த ஆண்டு இறுதியில் இயக்கம் ஒரு மாதிரித் தேர்தல் நடத்தியது. கறுப்பின மக்களுக்கு வாக்களிக்க விருப்பமே இல்லை என்று வெள்ளை அரசியல்வாதிகள் சொல்லிவந்தார்கள். அதற்குப் பதிலாகத் தேவாலயங்களிலும் கடைகளிலும் தெருக்களிலும் பெட்டி வைத்து வாக்கு வாங்கினார்கள். ஏறக்குறைய 80,000 பேர் வாக்களித்தார்கள். சட்டப்படி செல்லாத வாக்குதான். ஆனால் இத்தனை பேர் தயாராக இருக்கிறார்கள் என்று மக்களுக்கும் தொண்டர்களுக்கும் அது காட்டிவிட்டது.

1964 கோடை

அடுத்த கோடையில் வட மாநிலங்களிலிருந்து சுமார் ஆயிரம் கல்லூரி மாணவர்களை மிசிசிப்பிக்கு அழைக்கத் திட்டமிட்டார்கள். பெரும்பாலோர் வெள்ளையர்கள். பாப் மோசஸ் என்ற இளம் கறுப்பின ஆசிரியர் திட்டத்தை நடத்தினார். இதற்கு இயக்கத்துக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. படித்த வெள்ளைப் பிள்ளைகள் வந்தால் உள்ளூர்க்காரர்களை ஒதுக்கிவிட்டுத் தாங்களே தலைவர்களாகிவிடுவார்கள் என்று சிலர் அஞ்சினார்கள். நியாயமான அச்சம்தான். பிரிவினையை எதிர்க்கிற நாமே பிரித்துப் பார்க்கக் கூடாது என்ற பக்கம் நின்றார் ஹேமர்.

ஓஹியோ மாநிலத்தில் ஒரு கல்லூரியில் ஜூன் மாதம் பயிற்சி நடந்தது. ஹேமர் அங்கே போய் மாணவர்களிடம் பேசினார், பாடினார். அடி விழும்போது தலையை மறைத்து எப்படிச் சுருண்டு படுப்பது என்பதுகூடக் கற்றுத்தரப்பட்டது. ஒவ்வொருவரும் ஜாமீனுக்கு 500 டாலர் வைத்திருக்க வேண்டும். ஓர் ஊருக்குக் கிளம்பினால் அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். போய்ச் சேர்ந்ததும் தொலைபேச வேண்டும். குறித்த நேரத்துக்குள் செய்தி வராவிட்டால் அலுவலகம் சிறைச்சாலைகளுக்கெல்லாம் தொலைபேசித் தேடத் தொடங்கும்.

இந்த ஒழுங்கு ஏன் என்பது பயிற்சி முடியுமுன்பே தெரிந்துவிட்டது. ஜூன் 21 அன்று ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மேன், மைக்கேல் ஷ்வெர்னர் என்ற மூன்று இளைஞர்கள் நெஷோபா கவுண்டியில் காணாமல் போனார்கள். ஆகஸ்ட் 4 அன்று ஒரு மண் அணைக்கு அடியிலிருந்து அவர்களின் உடல்கள் தோண்டி எடுக்கப்பட்டன. அவர்கள் காணாமல்போன செய்தி வந்தபோது இரண்டாம் குழு பயிற்சியில் இருந்தது. பெரும்பாலோர் பின்வாங்காமல் மிசிசிப்பிக்குக் கிளம்பினார்கள்.

மாணவர்கள் கறுப்பினக் குடும்பங்களின் வீடுகளில் தங்கினார்கள், அவர்கள் சமைத்ததைச் சாப்பிட்டார்கள். இடம் கொடுத்த குடும்பங்கள்தாம் அவர்களைவிடப் பெரிய ஆபத்தைச் சுமந்தன. ரூல்வில்லில் ஹேமரின் வீடே தொண்டர்கள் வந்துபோகும் இடமாயிற்று. மாணவர்கள் முதலில் கற்ற பாடம் மரியாதை. மிசிசிப்பியில் எழுபது வயதுக் கறுப்பினப் பெரியவரையும் வெள்ளைச் சிறுவன் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான். நம் ஊர்களில் வாடா போடா என்பது போல. தொண்டர்கள் பெரியவர்களை ஐயா, அம்மா என்ற பொருளில் மரியாதைச் சொல் சேர்த்து அழைத்தார்கள். வெள்ளைத்தோல் வாயிலிருந்து அந்தச் சொல்லை முதன்முறை கேட்டவர்கள் உண்டு.

இரண்டாவது பாடம், சரி என்ற சொல்லுக்கு எப்போதும் சம்மதம் என்று பொருள் இல்லை என்பது. வெள்ளையர் எதைச் சொன்னாலும் தலையாட்டிப் பழகியவர்கள், பதிவுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு அந்த நாளில் வீட்டில் இருக்கமாட்டார்கள். ஒரே வீட்டுக்கு மூன்று நான்கு முறை போக வேண்டியிருந்தது. உள்ளூர்த் தொண்டர் கூட வந்தபோதுதான் பேச்சு உண்மையான பேச்சாக இருந்தது.

அந்தக் கோடையில் சுமார் 17,000 கறுப்பின மக்கள் பதிவு செய்ய முயன்றார்கள். ஏற்கப்பட்டது சுமார் 1,600 பேர். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் தோல்வி. ஆனால் நீதிமன்றப் படியேறிப் பழகிய 17,000 பேர் அந்த மாநிலத்தில் இருந்தார்கள்.

மாநாட்டு மேடையில்

மாநில ஜனநாயகக் கட்சி வெள்ளையர் கட்சியாகவே இருந்ததால், 1964-இல் மிசிசிப்பி விடுதலை ஜனநாயகக் கட்சி உருவானது. கிராமக் கூட்டங்களிலிருந்து படிப்படியாகப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து, ஆகஸ்டில் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த கட்சியின் தேசிய மாநாட்டுக்கு அனுப்பினார்கள். ஆகஸ்ட் 22 அன்று ஹேமர் குழுவின் முன் அமர்ந்து தமக்கு நேர்ந்ததையெல்லாம் சொன்னார். தொலைக்காட்சியில் நேரடியாகப் போய்க்கொண்டிருந்தது. குடியரசுத் தலைவர் ஜான்சன் அவசரமாகச் செய்தியாளர்களைக் கூட்டி ஒளிபரப்பைத் தம் பக்கம் திருப்பினார். பலன் இல்லை; இரவுச் செய்தியில் ஹேமரின் பேச்சை நாடே பார்த்தது.

சமரசமாக இரண்டு இடம் தருவதாகச் சொன்னார்கள். அந்த இருவர் யார் என்பதையும் அவர்களே முடிவு செய்வார்களாம். பெரிய தலைவர்கள் சிலர் ஏற்கச் சொன்னார்கள். கூலி வேலைக்காரர்களும் சிறு விவசாயிகளும் நிறைந்த அந்தப் பிரதிநிதிகள் ஹேமரோடு சேர்ந்து மறுத்துவிட்டார்கள்.

1965-இல் அவர்கள் மிசிசிப்பியின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் தேர்வு செல்லாது என்று வாதிட்டார்கள். மறுக்கப்பட்ட பதிவு, விழுந்த அடி, போன வேலை ஆகியவற்றைப் பற்றி நூற்றுக்கணக்கானோர் கொடுத்த வாக்குமூலங்கள் அதற்குச் சான்றாயின. கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. ஆனால் தென்மாநிலங்கள் முழுவதும் நடந்த போராட்டங்களின் அழுத்தத்தில் 1965 ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம் நிறைவேறியிருந்தது. எழுத்தறிவுத் தேர்வு நிறுத்தப்பட்டது. அதற்குமுன் மிசிசிப்பியில் பதிவு பெற்றிருந்த கறுப்பினத்தார் ஏழு விழுக்காட்டுக்கும் குறைவு. 1967-இல் ஏறக்குறைய அறுபது விழுக்காடு. 1968 மாநாட்டில் ஹேமர் முறையான பிரதிநிதியாக அமர்ந்தார்.

வாக்கு கிடைத்தும் வயிறு நிறையவில்லை என்பதை அவர் கண்டார். பருத்தி எடுக்கும் இயந்திரங்கள் வந்து கூலி வேலை போயிருந்தது. 1969-இல் 40 ஏக்கரில் விடுதலைப் பண்ணைக் கூட்டுறவைத் தொடங்கினார். காய்கறி விளைந்தது, குடும்பங்களுக்குப் பன்றி கொடுத்து, ஈன்ற குட்டிகளில் சிலவற்றைத் திரும்பப் பெற்று அடுத்த குடும்பத்துக்குக் கொடுக்கும் முறை நடந்தது. பணமுடையால் சில ஆண்டுகளில் பண்ணை நலிந்தது. இரண்டு முறை தேர்தலில் நின்றும் அவர் வெல்லவில்லை. 1977 மார்ச் 14 அன்று புற்றுநோயால், 59 வயதில் இறந்தார். வினோனா சிறையிலிருந்து அவரை மீட்க வந்தவர்களில் ஒருவரான ஆண்ட்ரூ யங், அப்போது ஐக்கிய நாடுகள் அவையில் அமெரிக்காவின் தூதர். அவர் வந்து இறுதிச் சடங்கில் பேசினார். ரூல்வில்லிலேயே ஹேமரை அடக்கம் செய்தார்கள்.

நம் தெருவுக்கு

நமக்கு எழுத்தறிவுத் தேர்வு இல்லை. வயதுவந்த எல்லாருக்கும் வாக்கு வேண்டும் என்று அம்பேத்கர் சைமன் குழுவின் முன் 1928-லேயே வாதிட்டார். சொத்தும் படிப்பும் பார்த்து வாக்குரிமை கொடுத்த காலம் அரசமைப்புச் சட்டத்தோடு முடிந்தது. ஆனாலும் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996 முதல் 2006 வரை தனித்தொகுதி ஊராட்சித் தேர்தலை நடத்தவிடாமல் செய்தது எந்தச் சட்டம்? மேலவளவு முருகேசனை 1997-இல் கொன்றது எந்தச் சட்டம்? காகிதத்தில் உள்ள உரிமைக்கும் கதவுக்குப் பின்னால் இருக்கும் அச்சத்துக்கும் நடுவில் உள்ள தூரத்தை யாராவது நடந்துதான் கடக்க வேண்டும்.

அந்த நடையில் நாமும் தவறு செய்திருக்கிறோம். ஒரே மாலையில் முழுக் காலனியையும் முடித்துவிட்டோம் என்று பெருமைப்பட்டிருக்கிறோம். எல்லாரும் சரி என்றார்கள் என்று நோட்டில் குறித்துக்கொண்டு வந்திருக்கிறோம். பிறகு பார்த்தால், சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போன குடும்பங்களின் பெயர் பட்டியலிலேயே இல்லை. திருமணமாகி வந்த பெண்களின் பெயர் தாய்வீட்டு ஊரில் கிடந்தது.

அடுத்த முறை கிளம்பும் தோழர்களுக்குச் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். தனியாகப் போகாதீர்கள்; அந்தத் தெருக்காரர் ஒருவரை, முடிந்தால் ஒரு பெண்ணை, கூட அழைத்துக்கொள்ளுங்கள். நோட்டிஸைக் கொடுக்குமுன் உட்கார்ந்து கேளுங்கள். யாருக்குப் பயம், யாருக்குக் கடன், யாருக்குப் பெயர் விடுபட்டிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதே வீட்டுக்கு மறுபடி போங்கள். தேர்தல் முடிந்தபிறகும் ஒருமுறை போங்கள்.

முதல் வேலையாக, உங்கள் தெருவின் வாக்காளர் பட்டியலை எடுத்து வீட்டு எண் வாரியாகப் படித்துப் பாருங்கள். பதினெட்டு வயது நிறைந்து பெயர் சேராதவர் ஒருவர் இருந்தாலும், படிவம் 6-ஐ நிரப்பிக் கொடுக்க அவரோடு கூடப் போங்கள்.